கரண்டி யார் கையில்

"கரண்டியை என் கையில குடும்மா. நானே போட்டுக்கிறேன்."

இவ்வளவுதான் கேட்டேன். சொத்தைப் பிரித்துக் கொடு என்று கேட்டிருந்தால்கூட அம்மா இப்படி முழித்திருக்க மாட்டாள். அப்பாவின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவே நின்றுவிட்டது.

எங்கள் வீட்டில் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். பரம்பரையில் யாருமே மிதிக்காத கல்லூரிக்குப் போகணும் என்றேன், அனுப்பினார்கள். கல்யாணம் இப்போது வேண்டாம் என்றேன், முணுமுணுத்துவிட்டு விட்டுவிட்டார்கள். ஆனால் சோற்றுப் பாத்திரத்தின் மூடியைத் தூக்கக் கூடாது, கரண்டியைத் தொடக் கூடாது. அம்மா போடுவாள், நாங்கள் தின்போம். சின்ன வயதில் ஒருமுறை எட்டிப் பார்த்ததற்கு அந்தக் கரண்டியின் காம்பாலேயே புறங்கையில் வாங்கியிருக்கிறேன்.

"என்னடி புதுசா?" என்றாள் அம்மா. "என் கைக்கு என்ன வந்துச்சு?"

"உன் கைக்கு ஒண்ணும் வரல. என் வயித்துக்குத்தான் வந்திருக்கு. போன வாரம் வாந்தி நிக்காம ஆஸ்பத்திரியில படுக்க வச்சு டிரிப்ஸ் ஏத்தினாங்களே, அதுக்குள்ள மறந்துடுச்சா?"

"பட்டதாரியம்மா இன்னைக்குச் சூடா இருக்காங்க" என்று அப்பா தட்டைப் பார்த்துச் சொன்னார்.

என் இரைப்பையை வெட்டிச் சுருக்கி ஆறேழு மாதம் ஆகிறது. அதற்கு முன் எவ்வளவு எடை இருந்தேன் என்று இங்கே எழுத மாட்டேன். தெரிந்துகொள்ளத் துடிப்பவர்கள் வேறு வேலை பார்க்கலாம். சர்க்கரை ஏறியிருந்தது, மூட்டு வலித்தது, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. டாக்டர் சொன்னார், செய்துகொண்டேன். வயிறு சின்னதாகிவிட்டது. எப்போது பசிக்கிறது, எப்போது நிறைகிறது என்பதை மட்டும் எந்தக் கத்தியும் சொல்லித் தரவில்லை.

"பசிச்சாச் சாப்பிடுங்க, நிறைஞ்சா நிறுத்திடுங்க" என்றார் டயட்டீஷியன்.

"நிறைஞ்சிடுச்சுன்னு எப்படித் தெரியும்?"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்கு நிஜமாகவே தெரியாது. தட்டு காலியானால் சாப்பாடு முடிந்தது, அதுதான் எங்கள் வீட்டுக் கணக்கு. வயிற்றிடம் அபிப்பிராயம் கேட்கிற பழக்கம் கிடையாது. அப்பா பஸ் டிரைவர். ஒரு நடைக்கும் அடுத்த நடைக்கும் நடுவில் மெல்லாமல் விழுங்கியே பழகியவர். அவருடைய வேகத்தில்தான் வீடே தின்றது. பசி என்று ஒன்று வந்து கதவைத் தட்டுவதற்குள் சோறு வந்து உட்கார்ந்துவிடும்.

டயட்டீஷியன் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்: "முன்ன மாதிரி வயிறு முட்டட்டும்னு காத்திருக்காதீங்க. அதுக்கு முன்னாடியே உடம்பு ஏதாவது சின்னதா ஒரு சைகை காட்டும். சிலருக்கு மூக்கு ஒழுகும். சிலருக்கு நெஞ்செலும்புக்குக் கீழ ஒரு அழுத்தம் வரும். உங்களுக்கு எதுன்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும். அது வந்துட்டா அதுக்கு மேல ஒரு வாய்கூட வேண்டாம். சாப்பிடும்போது தண்ணியும் வேண்டாம்."

எனக்கு விக்கல்.

அதை ஆபீசில்தான் கண்டுபிடித்தேன். குடிநீர் பரிசோதிக்கும் லேப்பில் எனக்கு வேலை. கூட இருக்கிறவளை எல்லோரும் ஆமை என்றுதான் கூப்பிடுவார்கள். மேஜையில் மற்றவர்கள் டீயே குடித்து முடித்திருப்பார்கள், அவள் டப்பாவில் பாதி அப்படியே இருக்கும். அவளோடு உட்கார்ந்து நானும் மென்றுகொண்டே இருந்தேன். ஒருநாள் ஒரே ஒரு விக்கல் வந்தது, இறுகிய மூடி கழன்ற மாதிரி. நிறுத்தினேன். அன்று வாந்தி வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

பசியையும் அங்கேதான் முதலில் பார்த்தேன். சாம்பிள் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது தொப்புளுக்கு மேலே ஏதோ கிள்ளியது. தாகமோ என்று தண்ணீர் குடித்தேன். போகவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன், இன்னும் கொஞ்சம் கூடியது.

"ஏய், என்னாச்சு, ஏன் இப்படி நிக்கிற?" என்றாள் ஆமை.

"பசிக்குதுடி!" என்றேன், ஏதோ பிரமோஷன் வந்த மாதிரி.

வீட்டில் விக்கல் வந்தால் என்ன ஆகும்? டம்ளர் வரும். "குடிடி, நெஞ்சுல அடைச்சிருக்கு" என்பாள் அம்மா. குடித்தால் விக்கல் நிற்கும். நின்ற நிமிடம் இன்னொரு கரண்டி விழும். அப்புறம் நான் பாத்ரூமுக்கு ஓடுவேன்.

அம்மா ஒரு விடுதிச் சமையலறையில் பரிமாறுகிறவள். அங்கே அவளுடைய கரண்டி தலைதட்டித்தான் விழும், யாருக்கும் கூடவோ குறையவோ செய்யாது. எனக்கு அரைக் கிண்ணம் என்று டயட்டீஷியன் சொன்னதையும் அவள் மீறவில்லை. கரண்டியின் முதுகால் அழுத்தி அழுத்தி, மணல் மூட்டை கட்டுகிற மாதிரி அரைக் கிண்ணம். "அரைதானே சொன்னாங்க? அரைதானே போட்டேன்?" என்பாள். பொய் என்று சொல்ல முடியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியமும் அப்படி ஒரு கிண்ணம் என் முன்னால் வந்தபோதுதான் கரண்டியைக் கேட்டேன்.

"உள்ள சீட் இல்லன்னா என்ன பாப்பா?" என்றார் அப்பா, சமாதானமாக. "நாலு பேரு நின்னுக்கிட்டு வரட்டுமே."

"என்னோடது பஸ் இல்லப்பா. கேரியர்கூட இல்லாத சைக்கிள்."

அப்பாவுக்குச் சிரிப்பில் புரையேறியது. அம்மா கரண்டியை மேஜையில் ணங்கென்று வைத்தாள்.

"இந்தா. நீயே ராஜ்ஜியம் பண்ணு."

மூடியைத் தூக்கினேன். விளிம்புவரை சோறு இருந்தது. நாங்கள் மூன்று பேர், இன்னும் மூன்று பேர் வந்தாலும் மிஞ்சும். கொஞ்சம் சோறு, கொஞ்சம் பருப்பு, அரை முட்டை எடுத்துக்கொண்டேன். அழுத்தவில்லை. மென்றேன். அப்பா முடித்துக் கைகழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் இன்னும் மென்றுகொண்டிருந்தேன். அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விக்கல் வந்தது.

நிமிர்ந்தால் எதிரே டம்ளர். எப்போது எடுத்தாள் என்றே தெரியவில்லை. அவளுடைய இன்னொரு கை மேஜைமேல் கரண்டியைத் துழாவிக்கொண்டிருந்தது.

"அம்மா!"

"தண்ணிதானேடி..."

"விக்கல் வந்தா நிறைஞ்சிடுச்சுன்னு அர்த்தம்னு நேத்துதானே சொன்னேன்? நீயும் சரின்னே."

"சரின்னுதான் சொன்னேன். கை கேக்க மாட்டேங்குதே, நான் என்ன பண்ண?"

சண்டைக்காகச் சொல்லவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டு சொன்னாள். அதுதான் என்னை இன்னும் எரிச்சலாக்கியது.

"உனக்கு எப்பம்மா வயிறு நிறையும்?"

"பாத்திரம் காலியானா."

"பாத்திரத்தை விடு. உன் வயித்தைக் கேக்கிறேன்."

"அதை யாரு கேட்டா இத்தனை வருஷமா?"

அப்பா தொண்டையைச் செருமினார். "நீ சின்னப் புள்ளையா இருந்தப்ப பானையில ஒண்ணும் இருக்காது பாப்பா. நமக்குப் போட்டுட்டு உடனே மூடிடுவா. நீ பாத்துட்டா அம்மாவுக்கு எங்கேன்னு கேப்பியாம். அதான் அன்னைக்கு உன் கையில அடிச்சா."

"இப்ப அந்தக் கதையெல்லாம் யாரு கேட்டா?" என்று அம்மா அவர்மேல் பாய்ந்தாள்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அம்மா அன்று தின்னாமல் விட்டதையெல்லாம் நான் தின்று சுமந்திருக்கிறேன். அதை வெட்டி எடுக்கத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன் போலிருக்கிறது.

"உக்காரு" என்றேன்.

"நான் அப்புறம்..."

"உக்காரும்மா."

உட்கார்ந்தாள். ஒரு தட்டெடுத்து நான் போட்டேன், அவள் போடுகிற மாதிரியே தாராளமாக. யாரோ பிடுங்கிக்கொள்ளப் போகிற மாதிரி குனிந்தபடி அள்ளி அள்ளித் தின்றாள். தட்டு காலியானது.

"போதுமாம்மா?"

அவள் தன் வயிற்றை யோசிக்கவே இல்லை. தலை நேராகப் பாத்திரத்தின் பக்கம் திரும்பியது.

"இன்னும் இருக்கே" என்றாள்.

நான் எழுந்து கைகழுவினேன். கதவுக்குப் பின்னால் இருந்த பையை எடுத்தேன். காலையிலேயே கட்டிவைத்த பை. ஆமையின் வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறது. வருகிறேன் என்று நேற்றே சொல்லியாகிவிட்டது. கிளம்புவதற்கு முன் இந்த வீட்டில் ஒருமுறையாவது என் கையால் போட்டுத் தின்ன வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

"எங்கடி பையோட?"

"ஆமை வீட்டுக்கு. கொஞ்ச நாள் அங்க இருக்கப் போறேன்."

"ஒரு டம்ளர் தண்ணி குடுத்ததுக்கா?"

"ஆமா. இங்க இருந்தா எனக்கு விக்கல் தெரியாதும்மா, உன் டம்ளர்தான் தெரியும். இப்பத்தான் கத்துக்கிட்டு வரேன். இன்னொரு தடவை டிரிப்ஸ் ஏத்திக்க என்னால முடியாது."

"பெத்தவ கை சோறு புடிக்காம ஓடிட்டான்னு சொல்லுவாங்கடி."

"சொல்லட்டும். வாந்தி அவங்களா எடுக்கிறாங்க?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அவர் என் பையின் வாரை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார். "அந்தத் தெரு என் ரூட்லதான் வருது" என்றார். "போறப்ப ஹாரன் அடிக்கிறேன்."

வாசல்வரை அம்மா வந்தாள்.

"ஞாயித்துக்கிழமையாவது வருவியா?"

"பசிச்சா வரேன். கரண்டியை மேஜையில வச்சிரு."

மாடிப்படியில் இறங்கினேன். முதல் வளைவில் திரும்பியபோது நிமிர்ந்து பார்த்தேன். கையில் மறுபடி அந்த டம்ளரோடு அம்மா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். மிச்சப் படிகளை வேகமாக இறங்கித் தெருவுக்கு வந்தேன்.