டவர் இல்லாத சாலை

ரிசீவரைக் கீழே வைக்க மறந்து நின்றுகொண்டிருந்தாள் ஏஞ்சலின். மேனேஜர் பூவராகவன் அதை அவள் கையிலிருந்து வாங்கித் தன் காதில் வைத்துக்கொண்டார். பேசியவன் அதே கம்பெனியின் இன்னொரு டிரைவர். நாயுடுப்பேட்டை தாண்டிக் காட்டு ரோட்டோரம் அவள் அப்பா தாவீதின் லாரி நின்றிருந்ததாம். ஏறிப் பார்த்தால் ஸ்டியரிங்கின்மேல் சாய்ந்து கிடந்தாராம். ஜீப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும், டாக்டர் நாடியைப் பார்த்துவிட்டுக் கையை விட்டுவிட்டாராம்.

"என் நைனாவா சார்?"

பூவராகவன் தலையசைத்தார்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து கம்பி ஏற்றிப்போகும் லாரிகள் எங்கே போகின்றன என்று கம்ப்யூட்டர் வரைபடத்தில் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை. போன வருஷம் வண்டிக்கு வண்டி கறுப்புப் பெட்டி மாட்டியபோது, "என்னிய வேவு பாக்க எம் பொண்ணையே வச்சிட்டீங்களே!" என்று ஆபீஸ் அதிரச் சிரித்தவர் தாவீது. இன்று காலை திரையில் அவருடைய வண்டியின் புள்ளி காட்டு விளிம்பில் நின்றபோது அவள் கவலைப்படவில்லை. அங்கே செல்போன் டவர் கிடையாது. எல்லா வண்டியின் புள்ளியும் அங்கே அப்படித்தான் நிற்கும்.

ஆரம்பாக்கத்திலிருந்து அம்மா சாராள் வந்து சேர்ந்தாள். அழவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகக் கார் வரும்வரை மகளின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, நின்ற புள்ளியையே வெறித்துப் பார்த்தாள்.

புள்ளி நகர்ந்தது.

"ஓடுதுடி!" சாராள் எழுந்துவிட்டாள். "பாருடி, வண்டி ஓடுது! எவனோ பொய் சொல்லிக்கீறான்!"

ஏஞ்சலினும் திரையை நோக்கிக் குனிந்தாள். பிறகு புள்ளிக்குப் பக்கத்தில் இருந்த நேரத்தைப் பார்த்தாள்.

"இது இப்ப ஓடலம்மா. காலைல ஓடுனது."

"இன்னாடி சொல்ற? கண்ணெதிர்ல போய்க்கினு கீது!"

"சேட்டிலைட் சிக்னல வச்சி எங்க கீறோம்னு அந்தப் பெட்டி கணக்குப் பண்ணிக்கும்மா. உள்ள ஒரு சிம்மு கீது, அதும் வழியா இங்க அனுப்பும். டவர் இல்லன்னா உள்ளயே சேத்து வச்சிக்கும். போலீஸ்காரங்க வண்டிய டவுனாண்ட எடுத்தாந்துட்டாங்க போல. இப்பதான் டவர் கெடச்சி, வச்சிருந்ததெல்லாம் அனுப்புது."

சாராள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இதுல அவருதானே ஓட்றாரு?"

"ஆமாம்மா."

இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பச்சைப் புள்ளி வளைவுகளில் திரும்பித் திரும்பிப் போனது. ஒரு பாலம் தாண்டியதும் வேகம் குறைந்தது. இன்னும் குறைந்தது. ரோட்டுக் கோட்டிலிருந்து இடப்பக்கம் விலகி நின்றது. சிவப்பாக மாறியது.

"இன்னாடி ஆச்சி?"

"எஞ்சின் ஆஃப்."

"யாரு ஆஃப் பண்ணது?"

"நைனாதான். ஓரங்கட்டி, சாவியத் திருப்பி..."

சாராள் திரையின்மேல் உள்ளங்கையை வைத்தாள். வெளியே கார் ஹாரன் கேட்டது. பூவராகவன் வாசல்வரை வந்து நின்றார். இருவரும் எழுந்திருக்கவில்லை.

சாராளின் விரல்களுக்கு நடுவிலிருந்து புள்ளி பச்சையாக வெளியே வந்து, டவுன் பக்கம் போனது.