நீளமான பிளக்

பதினோரு வருஷம் கழித்து அமெரிக்காவின் தாம்பாவிலிருந்து பத்து நாள் லீவில் வந்த என் தம்பி லிசாந்த்ரோ, எனக்கு ஒரு செருப்போ சோப்போ வாங்கி வரவில்லை. ஆறு ஸ்பார்க் பிளக் வாங்கி வந்தான். கூடவே, அளவாக முறுக்கியதும் 'டிக்' என்று சத்தம் போடும் ஸ்பானர் ஒன்று.

அப்பா விட்டுப்போன ஐம்பத்திரண்டாம் வருஷத்து ஷெவர்லே காரைக் கியூபாவின் சியென்ஃபுயேகோஸ் ஊரில் வாடகைக்கு ஓட்டித்தான் நானும் என் மகளும் சாப்பிடுகிறோம். பழைய பிளக்கையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புதியதன் மரைப் பகுதி அரை விரல் நீளம் அதிகம்.

"டேய், இது நீளம்டா. உள்ள போயி பிஸ்டன்ல இடிக்கும். வாஷர் போட்டு உசத்தணும்."

"வாஷர், கம்பி, கோந்துன்னு ஒட்டுப்போட்டே உங்க பொழப்பு போச்சுக்கா. நான் அங்க ஒரு நாளைக்கு இருபது வண்டிக்கு பிளக் மாத்தறவன்."

"அமெரிக்கா மெக்கானிக்குக்கே பாடம் நடத்தறியா, இதால்மிஸ்?" என்றான் பக்கத்து வீட்டு எவெலியோ. நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

இத்தனை வருஷம் கழித்து வந்தவனைத் தெருவில் வைத்து அவமானப்படுத்த மனசு வரவில்லை. பாழாய்ப்போன மனசு.

மற்றதெல்லாம் முறையாகத்தான் செய்தான். என்ஜின் ஆறும்வரை காத்திருந்தான். துளைகளைத் துடைத்தான். பிளக்கின் தலையில் ரப்பர் குழாயை மாட்டி விரலாலேயே சுற்றி இறக்கினான். ஒரு மரைகூடப் பிசகவில்லை. கடைசியில் ஸ்பானரை வைத்தான், ஆறு 'டிக்'. எவெலியோ கைதட்டினான்.

"மொதல்ல என்ஜினைக் கையால ஒரு சுத்து சுத்திப் பாத்துடலாம்டா."

"நீ தள்ளுக்கா" என்று அவனே ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினான்.

டங். டங். டடங். அவ்வளவுதான், நின்றுவிட்டது.

என்ஜினின் மேல்மூடியைக் கழற்றினோம். பிளக் முனைகள் நசுங்கிக் கிடந்தன. உடைந்த பிளக்கின் பீங்கான் தூள் சிலிண்டரைக் கீறியிருந்தது. மூன்றாவது பிஸ்டன் பிளந்திருந்தது. இந்த ஊரில் அந்த பிஸ்டனுக்கு எங்கே போவது?

"நான் அங்க கார் கழுவறேன்க்கா" என்றான், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு. "பிளக் மாட்டறதெல்லாம் வீடியோ பாத்துக் கத்துக்கிட்டதுதான்."

அவன் அழுதான். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. பிஸ்டனின் அளவைத் தாளில் எழுதி அவன் சட்டைப்பையில் திணித்தேன். "இதை மட்டும் அனுப்பு. வேற எந்த மண்ணும் வேணாம்."

இரண்டு மாதம் குதிரை வண்டியில் தொங்கிக்கொண்டு போய் ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவினேன். அப்புறம் பார்சல் வந்தது. அவசரமாகப் பிரித்தேன். அதே நீளத்தில் ஆறு பிளக்குகள், ஒரு பொட்டலம் வாஷர், ஒரு சீட்டு.

"அக்கா, பிஸ்டன் அப்புறம் பாக்கலாம். இங்க நான் தங்கியிருக்கற அத்தை வீட்டுல, பிளக்கை நீ மாட்டித்தான் என்ஜின் போச்சுன்னு சொல்லி வச்சிருக்கேன், தப்பா எடுத்துக்காத. இந்தத் தடவை வாஷர் போட்டு, பாத்து மாட்டு."