மூன்றாவது பட்டன்

போன் அடித்தபோது அண்ணி ஏணியின் மேல்படியில் நின்று, வாயில் ஆணிகளைக் கவ்விக்கொண்டு பேனர் கட்டிக்கொண்டிருந்தாள். 'இராணுவச் சீருடை சேகரிப்போர் சங்கம், ஆண்டுக் கண்காட்சி' என்று கொட்டை எழுத்தில் இருந்த அந்தத் துணி, ஒரு மூலையில் மட்டும் நழுவி நழுவி விழுந்து அவள் உயிரை எடுத்தது.

"சல்யூட்! போனைக் கொஞ்சம் எடுங்க!" என்றாள் ஆணிகளுக்கு நடுவே.

சல்யூட் ஒரு பஸ் டிரைவர். இராணுவத்தின் பக்கம் தலைவைத்துப் படுத்ததுகூடக் கிடையாது. ஆனால் எதிரில் யார் வந்தாலும் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்துவிடுவார். ஒருமுறை டிராபிக் போலீஸ்காரருக்கு அடிக்கப்போய், அவர் கேலி என்று நினைத்து வண்டியை ஓரங்கட்டச் சொன்னார். சங்கத்தில் நாற்காலி தூக்குவதிலிருந்து பொம்மைகளுக்குக் கால்சட்டை மாட்டுவது வரை எல்லாம் அவர்தான். சம்பளம் கிடையாது. யாருக்குமே கிடையாது. சங்கத்தில் எல்லோரும் அண்ணி என்றே கூப்பிடும் அவளுக்கு வாரம் முழுக்க மூக்குக்கண்ணாடிக் கடை. ஞாயிறு வந்தால் சங்கச் செயலாளர். தன் அப்பாவுக்கும் பெண்டாட்டிக்கும் பிடித்த சீருடைப் பேய் தன்னை விட்டுவிட்டதே என்ற நிம்மதியில் அவள் வீட்டுக்காரர் அன்று முழுக்கத் தூங்குவார்.

சல்யூட் பாதி ஏணி ஏறி போனை நீட்டினார்.

"நான் ஒரு நர்ஸுங்க, வெளியூர்லேர்ந்து பேசறேன்," என்றது ஒரு பெண்குரல். பின்னால் ரயில் தடதடத்தது. "உங்க சங்கத்து இணையப் பக்கத்துல ஒரு கோட்டு போட்டோ பார்த்தேன். பச்சைக் கம்பளிக் கோட்டு. மேலேர்ந்து மூணாவது பட்டன் மட்டும் கொஞ்சம் பெருசா, வேற மாதிரி இருக்கே. அது இன்னும் அதுல இருக்குங்களா?"

அண்ணி ஆணிகளைக் கையில் துப்பினாள். "இருக்குங்க. ஏன் கேக்கறீங்க?"

"அது எங்க அப்பா கோட்டா இருக்கலாம்ங்க. நான் வயித்துல இருக்கறப்ப சண்டைக்குப் போனவரு. திரும்பி வரல. எங்க, என்ன ஆனாருன்னு ஒரு துப்பும் இல்ல. கிளம்பற அன்னைக்குக் கோட்டுல ஒரு பட்டன் அறுந்துபோச்சு. அம்மா தன்னோட கோட்டுலேர்ந்து ஒண்ணை வெட்டித் தெச்சு அனுப்பினாங்க. மூணாவது பட்டன். தயவுசெஞ்சு யாரும் அதைத் தொடாம பாத்துக்கங்க. மத்தியானம் வந்துடுவேன்."

"பூட்டி வெச்ச மாதிரி இருக்கும். நீங்க தைரியமா வாங்க!"

அண்ணி ஏணியிலிருந்து இறங்கவில்லை, குதித்தாள். சங்கத்தில் குவிந்திருந்த உடுப்பெல்லாம் ஏலத்திலும் பழைய சாமான் கடையிலும் பொறுக்கியவை. கை, காலர், பட்டி எல்லாம் இருக்கும். உள்ளே இருந்த ஆள் யாரென்று மட்டும் தெரியாது. 'இது எங்கள் அப்பா' என்று ஒருவர்கூட இதுவரை படியேறி வந்ததில்லை. அவள் கூடத்தின் நடுவே ஓடி, அந்தப் பச்சைக் கோட்டின் முன் மூச்சிரைக்க நின்றாள்.

ஐந்து கறுப்புப் பட்டன்கள். ஒரே வயிற்றில் பிறந்தவை மாதிரி ஐந்தும் ஒரே அச்சு. மூன்றாவது உட்பட.

"மாமா!"

கூடத்தின் கடைசி மேசையிலிருந்து அவளுடைய மாமனார் நிமிர்ந்தார். லிப்டு மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கே அவர் பட்டன் மாமா. எந்தச் சீருடைப் பட்டனையும் கண்ணை மூடித் தடவியே எந்தப் படை, எந்தக் காலம் என்று சொல்லிவிடுவார்.

"என்னம்மாடி, கூரை விழுந்துடுச்சா?"

"இந்தக் கோட்டுல மூணாவது பட்டன் எங்க?"

மாமாவின் முகம் பளிச்சென்று மலர்ந்தது. "கவனிச்சுட்டியா! எங்க யாருமே கவனிக்காம போயிடுவாங்களோன்னு இருந்தேன். எவனோ ஒருத்தன் சாதா பட்டனைத் தெச்சு நல்ல கோட்டைக் கெடுத்து வெச்சிருந்தான். நேத்து அதை வெட்டிக் கடாசிட்டு, அதே காலம், அதே தொழிற்சாலை, அதே அச்சு, என் சொந்தப் பெட்டியிலேர்ந்து எடுத்து மாத்தினேன். எப்படி?"

"வெட்டினதை எங்க போட்டீங்க?"

"அந்தக் கழுதையா? ஜாடியில."

அண்ணி வாசலைப் பார்த்தாள். அங்கே ஒரு மேசைமேல் முழ உயரக் கண்ணாடி ஜாடி. கழுத்துவரை பட்டன்கள். 'எத்தனை என்று சொல்லுங்கள், இராணுவத் தண்ணீர்க் குடுவையை வெல்லுங்கள்!' என்ற போட்டிக்காகச் சங்கத்தார் வீடுவீடாகச் சேர்த்தது. கதவு திறந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் ஜாடியைச் சுற்றி ஒரு கூட்டம். சங்கத் தலைவரான பல் டாக்டர் ஒரு ஸ்கேலை ஜாடியில் ஒட்டிப் பிடித்து, அடுக்கு அடுக்காக ஏதோ பெருக்கிக்கொண்டிருந்தார்.

அண்ணி போனில் கேட்டதை மாமாவிடம் சொன்னாள். சொல்லச் சொல்ல, கயிறு அறுந்த லிப்டு மாதிரி அவர் முகம் கீழே இறங்கியது.

"அம்மாடி... நானா?"

"நீங்கதான்."

"என் பெட்டியில அதே மாதிரி நாலு ஓட்டைப் பட்டன் ஒண்ணு இருக்கு. அளவுகூட ஏறக்குறைய அதேதான்," என்றார் மாமா தாழ்ந்த குரலில். "தெச்சு வெச்சுட்டா... அந்தம்மாவுக்கு எங்க தெரியப்போவுது?"

"நமக்குத் தெரியுமே மாமா. வர்றவங்க அப்பாவைத் தேடி வர்றாங்க. கையில டூப்ளிகேட்டையா குடுக்கறது?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் சட்டைக் கையை மடித்தார். "சரி. கவிழ்த்துடுவோம் ஜாடியை."

"கவிழ்க்கறதா?" பல் டாக்டர் ஜாடியைக் கட்டிக்கொண்டார். "காலையிலேர்ந்து கணக்குப் போட்டுட்டு இருக்கேன்! விடை கிட்டத்தட்ட வந்துடுச்சு!"

"குடுவையை நீங்களே எடுத்துக்கங்க, தலைவரே! கையை எடுங்க!" என்றாள் அண்ணி.

சல்யூட்டும் மாமாவும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிச் சாய்த்தார்கள். ஓட்டின்மேல் ஆலங்கட்டி மழை பெய்கிற மாதிரி ஒரு சத்தம். கூடத்தின் தரை முழுக்கப் பட்டன்கள் தெறித்து உருண்டன. நாற்காலிக் காலடியில், பொம்மைகளின் பூட்ஸுக்குள், ஒரு அம்மாளின் கைப்பைக்குள்கூட. அண்ணி நாற்காலிமேல் ஏறிக் கத்தினாள்.

"எல்லாரும் கேளுங்க! இதுக்குள்ள ஒரு பட்டன் இருக்கு. அது ஒருத்தரோட அப்பா! பெருசு, நாலு ஓட்டை, விளிம்பு தட்டு மாதிரி தூக்கியிருக்கும்!"

"நூலோடதான் வெட்டினேன்," என்றார் மாமா. "ஓட்டையில பச்சை நூல் இருக்கும்!"

அவ்வளவுதான். கூடத்திலிருந்த சேகரிப்பாளர்கள் அத்தனை பேரும் தரையில் விழுந்தார்கள். ஒரு சேகரிப்பாளரிடம் பட்டன் குவியலைக் காட்டித் தேடச் சொல்வது, குழந்தையை மிட்டாய்க் கடையில் விட்டு மாத்திரை தேடச் சொல்வதற்குச் சமம்.

"அட, நங்கூரம்! கடற்படை!"

"இங்க பாருங்கய்யா, குதிரைப்படை! இதைப் போய் ஜாடியில போட்டது எந்த மகராசன்?"

"இதை நான் வெச்சுக்கிட்டு ரெண்டு பீரங்கிப்படை தரேன், சம்மதமா?"

"பண்டமாற்று அப்புறம்!" அண்ணி முழங்காலில் தவழ்ந்தபடி கூவினாள். "நூலைப் பாருங்க, நூலை!"

நேரம் ஓடியது. பல் டாக்டர்தான் எல்லோரையும்விட வேகமாகத் தேடினார், ஆனால் கிடைக்கவில்லை. அண்ணி நிமிர்ந்து நெற்றியைத் துடைத்தாள். அப்போதுதான் அது அவள் கண்ணில் பட்டது. அத்தனை பேரும் நங்கூரம், கிரீடம், கழுகு என்று முத்திரை வைத்த பட்டன்களை முன்னால் குவித்து, மொட்டையாக இருந்ததையெல்லாம் பார்க்காமலே தோளுக்குப் பின்னால் எறிந்துகொண்டிருந்தார்கள். கை தன்பாட்டுக்கு எறிந்தது. பல வருஷப் பழக்கம்.

"ஐயோ, நாம தேடறதே அதைத்தானே! பின்னால பாருங்க! எறிஞ்சதைப் பாருங்க!"

எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பியதில் தலைகள் முட்டிக்கொண்டன. அண்ணி சுவரோரக் குவியலில் இரண்டு கையையும் விட்டு அளைந்தாள். சட்டைப் பட்டன், தலையணைப் பட்டன், உடைந்த பட்டன்... விரலில் நார் மாதிரி ஏதோ தட்டியது. இழுத்தாள். பச்சை நூல்.

"கிடைச்சுடுச்சு!"

"அதேதான்! அதே கழுதை!" என்று மாமா குதித்தார். குதித்த வேகத்தில் நாலு பட்டன்மேல் சறுக்கி, சல்யூட்மேல் போய் விழுந்தார்.

"இங்க செயலாளர் யாருங்க?"

வாசலில் ஒரு பெண்மணி நின்றிருந்தார். பயணத்தில் கசங்கிய சேலை, மார்போடு அணைத்த ஒரு பை. கூடம் முழுக்கப் பெரிய மனிதர்கள் தரையில் தவழ்வதைப் பார்த்தார். பிறகு கோட்டைப் பார்த்தார். ஐந்து பட்டன்களையும் பார்த்தார்.

"தொடாதீங்கன்னு சொன்னேனே," என்றார் மெதுவாக.

"நீங்க சொல்றதுக்கு முன்னாடியே தொட்டுட்டோம்மா," என்றாள் அண்ணி. "போன்ல இருக்குன்னு சொன்னப்ப எனக்கே தெரியாது. தப்பு எங்களோடது."

"எங்களோடது இல்ல, என்னோடது," என்றார் மாமா எழுந்தபடி. "நல்லா ஆக்கறதா நினைச்சு வெட்டிட்டேன்."

அண்ணி உள்ளங்கையை விரித்தாள். நர்ஸம்மா பையைத் திறந்து, ஒரு பெண்கள் கோட்டை எடுத்து மேசையில் பரப்பினார். பழைய கோட்டு, ஓரமெல்லாம் நைந்திருந்தது. ஆனால் பட்டன்கள் மட்டும் பளபளவென்று, பழுத்த மிளகாய்ச் சிவப்பு. ஒரு இடத்தில் மட்டும் பட்டன் இல்லை.

அண்ணியின் கையில் இருந்தது கறுப்பு.

"போட்டோவில கறுப்பாத்தான் தெரிஞ்சது," என்றார் நர்ஸம்மா. "நிழலா இருக்கும்னு நினைச்சேன். அளவு அப்படியே இருக்கு, விளிம்பும் இருக்கு. நிறம்தான்... அப்ப இது எங்க அப்பா இல்லை." அவர் கோட்டை மடிக்கத் தொடங்கினார்.

அண்ணிக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. பட்டனை மேசைமேல் வைத்தாள். கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கியவள் அப்படியே நின்றாள். இத்தனை நேரம் இறுக்கிப் பிடித்திருந்த உள்ளங்கை வியர்வையில் நனைந்திருந்தது. நடுவில் வட்டமாக ஒரு கறுப்புக் கறை.

"மாமா, பட்டன் சாயம் விடுமா?"

"பட்டனாவது, சாயமாவது?" மாமா அவள் கையைப் பிடித்து இழுத்து மோந்து பார்த்தார். மறுபடி மோந்தார். கண் பெரிதாகியது. "அம்மாடி! இது பூட் பாலிஷ்!"

"பூட் பாலிஷா?"

"பின்னே! மிளகாய்ப்பழம் மாதிரி ஒரு பட்டனோட பரேடுல நின்னா மேலதிகாரி தோலை உரிச்சுட மாட்டானா? மத்த நாலும் கறுப்பு. இதையும் கறுப்பாக்கி இருக்காரு மனுஷன்!"

சங்கத்தின் முதல் விதி, எதையும் துடைக்கக்கூடாது என்பது. அழுக்கும் வரலாறுதான் என்று மேடைதோறும் முழங்குபவர் பல் டாக்டர். அவரே கைக்குட்டையை எடுத்து நீட்டினார். "விளிம்புல மட்டும். கொஞ்சூண்டு."

நர்ஸம்மாதான் துடைத்தார். ஒரு தேய்ப்பு, ஒன்றுமில்லை. இன்னொன்று. கறுப்புக்கு அடியிலிருந்து, நகக்கண் அளவுக்குச் சிவப்பு எட்டிப் பார்த்தது.

கூடம் அதிர்ந்தது. யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. நர்ஸம்மா அழுதுகொண்டே சிரித்து, சிரித்துக்கொண்டே போனைத் தேடினார். ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார்.

"அம்மா! கிடைச்சுடுச்சும்மா! அதே பட்டன்!"

அந்தப் பக்கமிருந்து ஒரு கிழட்டுக் குரல்: "சிவப்பாவா இருக்கு?"

"இல்லம்மா. பூட் பாலிஷ் பூசிக் கறுப்பாக்கி இருக்காரு."

"பூசினாரா?" குரல் விம்மியது, இல்லை, சிரித்தது. "தெருமுனை தாண்டினதும் பிச்சு எறிஞ்சிருப்பாருன்னுதான்டி இத்தனை வருஷமும் நினைச்சுட்டு இருந்தேன். 'சிவப்புப் பட்டனோட என்னைச் சண்டைக்கு அனுப்பறியா'ன்னு அப்படிக் குதிச்சாரு. சண்டை போட்டுட்டேதான் கிளம்பினாரு. பூசித்தான் வெச்சுக்கிட்டாரா! ஆமா, அது கோட்டுலதானே இருக்கு?"

மாமா போனுக்கு அருகில் வந்து குனிந்தார். "இல்லம்மா. நான்தான் பாவி, நேத்து வெட்டிட்டேன். கத்தரிக்கோலே திணறிப்போச்சு. அவ்வளவு கெட்டியா இருந்துது."

"இருக்காதா பின்னே? கோவத்துல தெச்சது."

கூடமே சிரித்தது. மாமா கோட்டிலிருந்த தன்னுடைய அருமையான பட்டனைத் தானே அறுத்தெடுத்தார். ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு கோட்டுப் பக்கம் திரும்பியவரைப் போன் தடுத்தது.

"ஐயா, ஊசி யார் கையில இருக்கு?"

"என் கையிலதாம்மா."

"என் பொண்ணுகிட்ட குடுத்துடுங்க. நீங்க அந்தப் பக்கமே போகாதீங்க."

மாமா ஊசியை இரண்டு கையாலும் நீட்டினார். நர்ஸம்மா கோட்டின் முன் மண்டியிட்டு, பட்டனை இடத்தில் வைத்துப் பிடித்தார். அண்ணி போனை எடுத்து அவர் பக்கத்தில் பிடித்துக்கொண்டாள்.

"குறுக்கால போடுடி," என்றது குரல். "போட்டியா? இழு. இன்னும் இழு. ம்... இன்னொரு சுத்துப் போடு."