உலகம்மாள் வீட்டுப் பிடியரிசி

பாக்கியவதி பின்வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து, சுளகில் கிடந்த அரிசியை நாலு கும்பலாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். கார் அறுவடை முடிந்த நேரம் என்பதால் இந்த மாதம் புது அரிசி அதிகம். அதை ஒரு பக்கம் ஒதுக்கினாள். கடையில் வாங்கிய பழைய புழுங்கல் ஒரு பக்கம். குருணை ஒரு பக்கம். நாலாவது கும்பல் ரேஷன் அரிசி. பழுப்பேறிப்போய், சாக்கு வாடையும் ஒன்றிரண்டு வண்டுமாக, தொட்டாலே கைக்குத் தெரிந்துவிடும். அதை மட்டும் அள்ளி முற்றத்தில் வீசினாள். மிஷன் வீட்டுக் கோழிகள் ஐந்தும் றெக்கையடித்துக்கொண்டு ஓடிவந்தன.

எல்லாம் பிடியரிசிதான். உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து, ஆண்டவருக்கென்று தனிப் பானையில் போட்டுவைப்பது தென்சீமைக் கிறிஸ்தவ வீடுகளின் வழக்கம். உடன்குடியில் முப்பத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் பாக்கியவதி ஒருவேளைகூட அதைத் தவறவிட்டதில்லை. காய்ச்சலில் படுத்த நாளிலும் மகள் ஜெர்லினைக் கூப்பிட்டு, பிடியரிசி போட்டாயா என்று கேட்டுவிட்டுத்தான் கண்ணை மூடுவாள். மாதக் கடைசியில் எல்லா வீட்டு அரிசியையும் கோயிலில் ஒன்றாகக் கொட்டி ஏலம் விடுவார்கள். தோசைக்கு ஆகும் என்று சிலர் எடுப்பார்கள். கோழிக்கு ஆகும் என்று சிலர் எடுப்பார்கள். பானையைக் கவிழ்த்துக் கொட்டியதோடு பாக்கியவதிக்கும் அந்த அரிசிக்கும் உள்ள பேச்சு முடிந்தது.

இப்போது வந்திருக்கிற கரையடியூரில் அப்படியில்லை. ஏரலுக்குக் கிழக்கே, ஆற்றங்கரை வாழைத் தோட்டங்களுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கிற ஊர் அது. கோயிலுக்கு வருகிற வீடுகள் மொத்தமே பதினொன்று. ஏலம் எடுக்க ஆள் ஏது? பிடியரிசி அப்படியே ஊழியக்காரர் வீட்டு அடுப்புக்கு வந்துவிடும். பதினொரு வீட்டு அரிசிக்குப் பதினொரு குணம். ஒரே உலையில் போட்டால், புது அரிசி குழைந்து கஞ்சியாகிற நேரத்திலும் ரேஷன் அரிசி பல்லில் கடிபடும். கடிபடப் பல்லாவது வேண்டாமா? அவள் புருஷன் வேதமாணிக்கத்துக்கு இருந்ததெல்லாம் நாசரேத்தில் செய்து வாங்கிய பல்செட்தான். போதாக்குறைக்கு, வேகாத சோறு சேராத வயிறு.

வேதமாணிக்கம் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பாதிரி ஐயர் இல்லாத சின்ன ஊர்களுக்கு இரண்டு வருஷம் போய் இருக்க, ஓய்வுபெற்ற தம்பதிகள் யாராவது முன்வருவார்களா என்று மிஷன் சங்கத்தில் கேட்டபோது, அவர் யோசித்துக்கொண்டிருக்கையிலேயே பாக்கியவதி கையைத் தூக்கிவிட்டாள். மகளும் மகனும் பட்டணம் பட்டணமாகப் போனபின், இனி நம்மை யார் கூப்பிடப் போகிறார்கள் என்று இருந்தவள் அவள். கூப்பிட்டதே பெரிதென்று பட்டது. வந்து பத்து மாதமாகிறது. ஞாயிற்றுக்கிழமை அவர் பத்து நிமிஷம் பிரசங்கம் பண்ணுவார். மற்ற ஆறு நாளும் சட்டைப்பையில் டெஸ்டரோடு தோட்டம் தோட்டமாக மோட்டார் பார்ப்பார். ஊர் அவருக்குக் ‘கரண்டு ஐயா’ என்று பேர் வைத்துவிட்டது. அந்தக் கணக்கில் அவள் ‘கரண்டு அம்மா’. வாசலில் வாழைப்பூ கிடக்கும். ஒருநாள் ஆற்று மீன் கிடக்கும். யார் வைத்தார்கள் என்றுகூடத் தெரியாது. காலையில் கதவைத் திறந்ததும், ‘ஸ்தோத்திரம் ஆண்டவரே’ என்று அவள் வாய் தானாகச் சொல்லும்.

கோழி கொத்துவதைப் பார்த்துக்கொண்டு ஒரு ஆள் நிற்பது அப்போதுதான் தெரிந்தது. உலகம்மாள். கையில் ஒரு கட்டு முருங்கைக்கீரை. எப்போது படலைத் திறந்து வந்தாளோ.

உலகம்மாள் தனிக்கட்டை. புருஷன் செத்து ஏழு வருஷமாகிறது. விடியுமுன் தோட்டத்தில் இலை அறுத்து, கட்டாகக் கட்டி, ஏரல் சந்தைக்குத் தலைச்சுமையாகக் கொண்டுபோகிறவள். கோயிலுக்கு வர ஆரம்பித்து இரண்டு வருஷம்தான். பிடியரிசி போடு என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. கோயிலைக் கூட்டி மணியடிக்கிற கருத்தையாவிடம் அவளாகவே போய், “எனக்கும் ஒரு பானை சொல்லுங்க அண்ணாச்சி” என்று கேட்டு வாங்கினாளாம். அவள் வீட்டில் உலை ஏறுவது சாயங்காலம் ஒருவேளை. அந்த ஒருவேளையிலிருந்துதான் அந்தக் கைப்பிடி. பதினொரு வீட்டில் ரேஷன் அரிசி மட்டுமே பொங்குகிற வீடு அது ஒன்றுதான் என்பது பாக்கியவதிக்கு அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது.

சுளகை மடியிலிருந்து இறக்கப் பார்த்தாள். நாலு கும்பலும் தனித்தனியாகத் தெரிந்தன. நாலாவது கும்பல் இருந்த இடம் காலியாக இருந்ததும் தெரிந்தது.

உலகம்மாள் கீரையை நடையில் வைத்தாள். “கோழிக்கும் பசிக்கத்தானம்மா செய்யும்” என்றாள். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. வந்ததுபோலவே பைய நடந்து, படலைச் சாத்திவிட்டுப் போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்தாள். கடைசி வரிசையில் இருந்தாள், பாடினாள். ஆசீர்வாதம் சொல்லி முடிக்கவும் பாக்கியவதி எழுந்து பின்னால் போவதற்குள் ஆளைக் காணவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் அப்படித்தான். மாதக் கடைசியில் கருத்தையா சாக்கோடு வந்து திண்ணையில் இறக்கிவைத்தார்.

“இந்த மாசம் பத்து வீடுதாம்மா. உலகம்மா பானையக் கமுத்தி வச்சிட்டா. என்னன்னு கேட்டேன். ‘பொறவு பாப்போம் அண்ணாச்சி’ங்கா. என்ன கஷ்டமோ, ஐயாவ ஜெபம் பண்ணச் சொல்லுங்க.”

அப்படியானால் அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாலு பேர் வந்து கேட்டிருப்பார்கள், பாக்கியவதியும் நாலு பேரிடம் வருத்தம் சொல்லி ஆற்றியிருப்பாள். பாக்கியவதி தன் வீட்டுக்காரரிடமும் மூச்சுவிடவில்லை. ஊரெல்லாம் ‘வாங்கம்மா’ என்று கூப்பிடுகிறபோது, அந்தக் கூப்பிடுதலில் ஒரு குரல் குறைகிறதை அவள் ஒருத்திதான் கேட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் கிடந்த வாழைப்பூவை எடுக்கும்போது ஸ்தோத்திரம் பாதியில் நின்றது.

அன்றைக்கு மத்தியானம் வேதமாணிக்கம் இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். “என்னளா, இன்னைக்குச் சோறு பஞ்சா இருக்கு?”

பாக்கியவதி அகப்பையைக் கீழே வைத்தாள். சாக்கில் ரேஷன் அரிசி இல்லை, பொறுக்கவே வேண்டியிருக்கவில்லை. அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பிசைந்த கை பிசைந்தபடியே இருந்தது.

“நான் ஒருநாளாச்சும் வேகலன்னு சொன்னனா?”

“நீங்க எங்க சொல்லுவீய. ராத்திரி வயித்தப் பிடிச்சிக்கிட்டு உருளுதத பாத்தது நான்லா.”

“அதுக்கு, ஆண்டவருக்குன்னு வந்ததப் பொறுக்குவாவளா?”

பிறகு அவரே, சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டார். உடன்குடியில் இத்தனை வருஷத்தில் நாம் என்றைக்காவது அந்த ஏலத்தில் ஒருபடி எடுத்திருக்கிறோமா என்று. எடுத்ததில்லை. கலப்பரிசியை யார் தின்பார்கள் என்று அவளே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். போட்டதோடு சரி. போட்டதைத் தின்கிற இடத்தில் ஒருநாள் வந்து உட்காருவோம் என்று யார் கண்டது?

“போய்ப் பாத்துட்டு வா. நான் வந்தா பல்ப மாத்த வந்திருக்கேன்னு நினைப்பா” என்றார்.

மறுநாள் சாயங்காலம், ஜெர்லின் போன தடவை வந்தபோது வாங்கிவைத்த நல்ல அரிசியில் ஒருபடியும், நாலு உடன்குடிக் கருப்பட்டியும் ஒரு பைக்குள் போட்டுக்கொண்டு பாக்கியவதி வாய்க்கால் கரையோடு நடந்தாள். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். போய்ச் சேரும்போது அதில் ஒரு வார்த்தையும் மிச்சமில்லை.

ஒற்றை அறை வீடு. உலகம்மாள் சந்தையிலிருந்து வந்து முகம் கழுவி, அடுப்பு மூட்டி உலை வைத்திருந்தாள். “வாங்கம்மா” என்று பலகையை எடுத்துப் போட்டாள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. மூலையில் பிடியரிசிப் பானை கவிழ்ந்து கிடந்தது. அதன் முதுகில் மண்ணெண்ணெய் போத்தல் ஏறி உட்கார்ந்திருந்தது.

பாக்கியவதி பையை அவள் பக்கம் நகர்த்தினாள்.

“இது எதுக்கும்மா?”

“ஊர்லருந்து வந்துச்சி. உனக்குன்னு எடுத்துட்டு வந்தேன். அன்னைக்கி நான் செஞ்சது தப்பு, உலகம்மா.”

உலகம்மாள் பையைத் தொடவில்லை. அடுப்பில் ஒரு மட்டையைத் தள்ளிவிட்டு, சந்தையில் இலைக்கட்டுக்கு விலை சொல்கிற மாதிரி, கோபமில்லாமல் சொன்னாள்.

“நீங்க குடுத்தா நான் வாங்கணும். நான் குடுத்தா கோழி வாங்கும். அப்படித்தானம்மா?”

பாக்கியவதி பையைப் பார்த்தாள். பத்து மாதம் இந்த ஊரில் தின்ற சோறு, குழம்பு வைத்த மீன், எரித்த விறகு, எல்லாம் பிறர் கொடுத்தது. அதையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டே, கொடுக்க வந்தவள் தான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். பதினொரு வீட்டிலும் உட்கார்ந்து ஜெபம் பண்ணியாகிவிட்டது. ஒரு வீட்டிலாவது கை நனைத்ததுண்டா? சாப்பிடுங்கள் என்று சொல்லாத வீடில்லை. ஐயாவுக்கு வயிறு சேராது, அவருக்குப் போய் வைத்துக்கொடுக்க வேண்டும் என்று எழுந்து வந்துவிடுவாள். வயிறு அவருடையது. அவள் வயிற்றுக்கு என்ன வந்தது? அதை அவள் தன்னிடமே கேட்டதில்லை.

பையை எடுத்துத் தன் முதுகுப் பக்கம் தள்ளிவைத்தாள்.

“சோறு பொங்கியாச்சா?”

“இப்பத்தான உலை வச்சிருக்கு.”

“அப்ப இருக்கேன். காலையில குடிச்ச காப்பிதான். பசிக்குது.”

உலகம்மாள் திரும்பிப் பார்த்தாள். “ரேஷன் அரிசிம்மா. வாடையடிக்கும்.”

“அடிச்சா அடிக்கட்டும்.”

“தொட்டுக்கிடத் துவையல்தான் இருக்கு.”

“துவையல் போதும். எனக்கென்ன பல்செட்டா கட்டியிருக்கு, சோறு மெல்ல முடியாதுங்கதுக்கு?”

“கரண்டு ஐயாவுக்கு யாரு சோறு போடுவா?”

“ஒருநாள் பல்லக் கழட்டி வச்சிட்டுக் கிடக்கட்டும்.”

உலகம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியதில்தான் சிரிக்கிறாள் என்று தெரிந்தது. அந்தச் சிரிப்பைக் கண்டதும் பாக்கியவதிக்குக் கண் நிறைந்தது. சீக்கிரம் துடைத்துக்கொண்டாள். தகர டப்பாவைத் திறந்து, உழக்கால் அரிசியை மொண்டாள் உலகம்மாள். ஒரு உழக்கு. கொஞ்சம் யோசித்து, விருந்தாளிக்கும் சேர்த்து இன்னொன்று. அளந்துகொண்டே, யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னாள்.

“வெந்நீல ரெண்டுதரம் அலசணும்மா. கல்லுப்புப் போட்டு கொஞ்ச நேரம் ஊறட்டும்னு விட்டா வாடையெல்லாம் போயிரும். அத முதல்ல உலையில போட்டுட்டு, அரைவேக்காடு ஆனதும் மத்த அரிசியப் போடுங்க. எல்லாம் ஒண்ணுபோல வெந்துரும். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்லா?”

“கேட்டிருக்கணும்” என்றாள் பாக்கியவதி.

அவள் கேட்காத எத்தனையோ இருந்தன. உலகம்மாளின் புருஷன் பேர்கூட அவளுக்குத் தெரியாது. இன்றைக்குக் கேட்க வேண்டும். சோறு வேகிற நேரம் போதும். இப்படி ஒரு வீட்டில், அடுப்புக்குப் பக்கத்தில், விருந்தாளியாக உட்காரக் கிடைத்ததே. அறுபத்தொரு வயதில், அந்தத் தப்பு இங்கே இழுத்து வந்திராவிட்டால், வேறு எந்த வழியிலும் இந்தப் பலகை அவளுக்குக் கிடைத்திருக்காது.

உலகம்மாள் அளந்த அரிசியைச் சட்டியில் சாய்த்தாள். சாய்த்த கையோடு, இரண்டு வருஷப் பழக்கம், கை தன்பாட்டுக்குச் சட்டிக்குள் போய் ஒரு பிடி அள்ளியது. மூலைப் பக்கம் திரும்பினாள். கவிழ்ந்த பானை, மேலே போத்தல். அள்ளிய கை அந்தரத்தில் நின்றது. திரும்பச் சட்டியில் போடவும் முடியாமல், போடுகிற இடமும் தெரியாமல், மூடிய விரல்களை அவளே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பாக்கியவதி பலகையிலிருந்து எழுந்தாள். முந்தானையை உருவி, இரண்டு கையாலும் விரித்து ஏந்தினாள். பிள்ளை வரம் கேட்டுக்கூட அவள் அப்படி யார் முன்னாலும் ஏந்தி நின்றதில்லை. உலை கொதித்து மூடி தட்டியது. உலகம்மாள் அதைக் கவனிக்கவில்லை. அவள் விரலிடுக்கிலிருந்து நாலைந்து பழுப்பு அரிசிகள் நழுவி, விரித்த சேலையின் நடுவே விழுந்தன. கை இன்னும் மூடித்தான் இருந்தது. பாக்கியவதி கையை இறக்காமல், முந்தானையின் ஓரம் தாழ்ந்துவிடாதபடி பிடித்துக்கொண்டு நின்றாள்.