ஊதா ஏறுகிற நேரம்

மூன்றாவது தடவையாகச் சோப்புப் போட்டு விரல் நுனிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள் ரூலீன். ஊதா போவதாக இல்லை. பின்னால் சமையலறை மேசையில் பக்கத்து வீட்டு ஹார்ம் ஒரு துண்டுக் காகிதத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தார். முன்னறையில் அவள் கணவர் மென்னோவைப் படுக்கவைத்து, டாக்டர் விடைபெற்றுப் போய் அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது.

"படிச்சுக் காட்டுறேன் ரூலீன், தப்பிருந்தா சொல்லு," என்றார் ஹார்ம். "மென்னோ காலமாயிட்டார். இன்னிக்குக் காலையில, பட்டறையில, உக்காந்தபடியே. மாரடைப்பு. பத்தே முக்காலுக்கு ரூலீன் காபி கொண்டுபோனப்ப நல்லாத்தான் பேசிட்டிருந்தார். பதினொண்ணுக்குப் பாத்தா உயிர் இல்ல. வெள்ளிக்கிழமை அடக்கம். போதுமா?"

"போதும்."

அந்தத் தெருவில் சாவு விழுந்தால் வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டியவர் முதல் பக்கத்து வீட்டுக்காரர், அதாவது ஒட்டியிருக்கிற வீட்டுக்காரர். சவப்பெட்டியின் இடது முன்பக்கத்தைத் தூக்க வேண்டியவரும் அவர்தான். சண்டை போட்டுப் பத்து வருஷம் பேசாமல் இருந்தாலும் இந்த இரண்டிலிருந்தும் தப்ப முடியாது. ஹார்முக்கும் மென்னோவுக்கும் அப்படியொரு சண்டையும் கிடையாது. இருவரும் முப்பது வருஷமாக ஒரே ஏணியை வைத்துக் காலம் தள்ளியவர்கள். ஹார்ம் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்திருந்தார். மகன் கல்யாணத்துக்குப் பிறகு அதன் பொத்தான்கள் அவர் வயிற்றோடு ஒத்துப்போகவில்லை. பதினான்கு வீடுகளுக்குப் போக வேண்டும் என்று எழுந்து புறப்பட்டார்.

அவர் எடுத்துப்போன காகிதத்தில் ஒரு வரி பொய்.

தபால் வேலையை விட்ட பிறகு மென்னோ பழைய ரேஸ் சைக்கிள்களின் பாகங்களுக்கு நிறம் மாற்றிக் கொடுத்துவந்தார். பெடல் மாட்டுகிற கிராங்க் கறுப்பு வெளுத்து, சக்கரத்தின் நடுவில் வருகிற ஹப் சிவப்பு சுரண்டுபட்டு என்று எங்கெங்கிருந்தோ பார்சல் வரும். பழைய நிறத்தைக் காஸ்டிக் சோடாவில் கரைத்தெடுப்பார். அமிலத் தொட்டியில் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சினால் அலுமினியத்தின் மேல் சாயம் குடிக்கிற மெல்லிய தோல் ஒன்று வளரும். பிறகு அரை மணி நேரம் சாயத்தில். நேரம் பார்த்து முடுக்கிவைத்த மணி அடித்ததும் எடுத்து, அலசி, கொதிக்கிற தண்ணீரில் போட வேண்டும். கொதிநீர்தான் நிறத்தை உள்ளே வைத்துப் பூட்டும். அது இல்லையென்றால் தொட்டவர் கையோடு நிறமும் போய்விடும்.

சாயம் ஏறுகிற அந்த அரை மணியும் மென்னோ ஸ்டூலில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். பார்த்துக்கொண்டிருந்தால் கை பரபரக்கும், அவசரப்பட்டு எடுத்துவிடுவேன் என்பார். அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் பதில் வராது. இது தெருவுக்கே தெரிந்த கிறுக்கு.

போன மாதம் மணி அடித்தபோது அவர் கழிவறையில் இருந்தார். ரூலீன் மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள், காதில் விழுந்தும் எழுந்து போகவில்லை. பொன்னிறமாக வரவேண்டிய ஹப் கருகிய வெங்காயம் மாதிரி வந்தது. மறுபடி கரைத்து மறுபடி ஏற்றினால் திருகு மரை தேய்ந்துவிடும். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார் மனிதர். மூன்றாம் நாள் சொன்னார், "மணி அடிச்சா முதல்ல அதை எடு ரூலீன். மத்ததெல்லாம் அப்புறம்."

இன்றைக்கு அவள் அதைத்தான் செய்தாள்.

பத்தே முக்காலுக்குக் காபியோடு பட்டறைக்குள் போனாள். மென்னோ ஸ்டூலில், சுவரில் சாய்ந்து, கண்ணை மூடி. மணியில் இன்னும் ஐந்து நிமிஷம் பாக்கி. கோப்பையைச் சத்தமில்லாமல் அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, ஜன்னலில் இருந்த ஒட்டடையைப் பார்த்தபடி நின்றாள். மணி அடித்தது. அவர் எழுந்திருக்கவில்லை. தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தாள். உள்ளுக்குள் சின்னதாகப் பெருமைகூட வந்தது. கையுறை தேடினால் நேரமாகிவிடும் என்று வெறும் கையாலேயே ஊதாச் சாயம் சொட்டுகிற கிராங்கைக் கொக்கியிலிருந்து கழற்றினாள், குழாயில் அலசினாள், அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த பாத்திரத்தில் இறக்கினாள், மூடினாள்.

"பாத்தீங்களா, கரெக்டா எடுத்துட்டேன்," என்று திரும்பினாள்.

காபியில் ஆடை படிந்திருந்தது.

டாக்டர் கேட்டார், "கடைசியா எப்ப பேசினார்?" யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது, "பத்தே முக்காலுக்கு. காபி குடுத்தப்ப."

"அப்ப சட்டுனு வந்திருக்கு. நீங்க பதறியடிச்சு ஓடி வந்திருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. இந்த மாதிரி விஷயத்துல முதல் அஞ்சாறு நிமிஷம்தான் கணக்கு," என்றார். அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். மணி அடிக்கட்டும் என்று அவள் நின்றதும் ஐந்து நிமிஷம்தான்.

மதியம் மகள் மிர்த்தே உத்ரெக்ட் நகரத்திலிருந்து வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் அப்பாவின் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றுவிட்டு, சமையலறைக்கு வந்து கேட்டாள்.

"அப்பா கடைசியா என்னம்மா சொன்னார்?"

"காபி சூடா இருக்கான்னு கேட்டார்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

மிர்த்தே அழுதபடியே சிரித்தாள். "அப்பாவேதான்! ஐயோ, அப்பாவேதான்." அம்மாவின் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டவள், "இதென்னம்மா கையெல்லாம் ஊதா?" என்றாள்.

"சாயம். பட்டறையைச் சுத்தம் பண்ணினேன்."

ஒரு பொய்க்கு இப்போது மூன்று பொய் ஆகிவிட்டது. ஹார்ம் வேறு அதைப் பதினான்கு வீடுகளில் விதைத்துவிட்டு வந்திருந்தார். புதன்கிழமை முழுக்க ஆட்கள் வந்துபோனார்கள். முன்னறையில் உடல் கெடாமலிருக்க அடியில் வைத்த குளிர்பலகை மெல்ல முனகிக்கொண்டிருக்க, மென்னோவைப் பார்த்துவிட்டு ஒவ்வொருத்தியும் ரூலீனின் தோளைப் பிடித்துக்கொண்டு அதையே சொன்னாள். "கடைசி வரைக்கும் உங்கிட்டப் பேசிட்டிருந்தாராமே. நீ குடுத்து வச்சவ." குடுத்து வச்சவள் தலையை ஆட்டினாள், காபி ஊற்றினாள்.

அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியவேண்டியிருந்தது. அந்த ஐந்து நிமிஷமும் அவர் மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்ததா? நினைவில் அந்த நீலச் சட்டையைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து பார்த்தாள். ஒரு தடவை பார்த்தால் அசைந்தது. அடுத்த தடவை பார்த்தால் அசையவில்லை. ஒட்டடை மட்டும் ஒவ்வொரு இழையாகத் துல்லியமாக ஞாபகம் இருந்தது. ஒட்டடையைப் பார்த்த நேரத்துக்கு மனிதரைப் பார்த்திருக்கக் கூடாதா? முட்டாள், முட்டாள் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பிறகு மென்னோவையும் திட்டினாள், மணி, மணி என்று அவளைப் பழக்கிவைத்ததற்கு.

அன்று சாயங்காலம் மிர்த்தே பட்டறையிலிருந்து கிராங்கை எடுத்துவந்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்பா கடைசியா பண்ணினது. எவ்வளவு சீரா ஏறியிருக்கு பாரும்மா, ஒரு திட்டு கிடையாது." நல்ல துணியில் சுற்றி, அதன் சொந்தக்காரருக்குப் பார்சல் கட்டினாள். ரூலீன் பசைநாடாவை வெட்டி வெட்டிக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை, அடக்கத்துக்கு முந்தின மதியம், வருகிறவர்களுக்குக் கொடுக்கத் திராட்சை ரொட்டிக்குச் சொல்லிவர மிர்த்தே வெளியே போயிருந்தாள். பின்வாசல் வழியாக ஹார்ம் வந்தார். வழக்கமாக வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறவர், நின்றுகொண்டே இருந்தார்.

"நாளைக்கு நான் தூக்கல ரூலீன்."

"என்னது?"

"என் இடத்துல வேற யாரையாவது நிறுத்திக்க."

முதல் பக்கத்து வீட்டுக்காரர் தூக்காத பெட்டி அந்தத் தெருவில் இதுவரை போனதில்லை. ரூலீனுக்கு ஒன்றும் புரியவில்லை. முதுகு வலியா, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டாள். அதெல்லாம் இல்லை என்றார். கடைசியில் அவளே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்தாள்.

"அன்னிக்கு நான் வந்தேன்," என்றார். "ஏணி கேக்க. பத்தரை இருக்கும். ஜன்னல்ல எட்டிப் பாத்தேன். கண்ண மூடி உக்காந்திருந்தான். சாயம் போட்டுட்டான், இப்ப கூப்பிட்டா கடிப்பான்னு திரும்பிப் போயிட்டேன்."

ரூலீன் எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"தலை கொஞ்சம் சுவத்துல சாஞ்சிருந்துச்சு. மென்னோ எப்பவாவது சாஞ்சு பாத்திருக்கியா நீ? கம்பு மாதிரில்ல உக்காருவான். அது அப்ப உறைக்கல. அப்புறம் நீ பத்தே முக்காலுக்குப் பேசினான்னு சொன்னே. அப்பாடான்னு இருந்துச்சு. பதினாலு வீட்லயும் அந்த வரியைத்தான் சத்தமா சொன்னேன், எனக்கே சொல்லிக்கிற மாதிரி. ஆனாலும் மனசு கேக்கல. நான் கதவைத் திறந்திருந்தா..." முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். "நெசமாவே பேசினானா ரூலீன்?"

சாய்ந்திருந்தார். அவள் போனபோதும் சாய்ந்துதான் இருந்தார். அப்படியானால் பத்தரைக்கே முடிந்திருக்கலாம். அவள் காபி கலக்குவதற்கு முன்பே முடிந்திருக்கலாம். அந்த ஐந்து நிமிஷம் ஒன்றுமே இல்லை! வெட்கமில்லாமல் ஒரு சந்தோஷம் அவள் தொண்டைவரை ஏறிவந்தது. மூன்று நாளாக மூச்சு முட்டிக்கொண்டிருந்தவளுக்குக் கதவு திறந்தாயிற்று. உண்மையைச் சொன்னால் போதும், அவள் வெளியே வந்துவிடலாம்.

எதிரே ஹார்ம் உட்கார்ந்திருந்தார், அறுபத்தெட்டு வயது, வாயைப் பார்த்தபடி. அவள் வெளியே வந்தால் உள்ளே போகப்போவது யார் என்பதில் சந்தேகம் இல்லை.

"பேசினார்," என்றாள்.

"என்ன பேசினான்?"

"காபி சூடா இருக்கான்னு கேட்டார்."

"அதான் எல்லாருக்கும் தெரியுமே. வேற?"

ரூலீன் மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டாள். "ஹார்ம் வந்து ஜன்னல்ல எட்டிப் பாத்துட்டுப் போறான், ஏணிக்காத்தான் இருக்கும்னார்."

ஹார்ம் அவளையே பார்த்தார். "கண்ண மூடியிருந்தானே?"

"அரைக் கண்ணால பாப்பார். முப்பது வருஷத்துல உங்களுக்கு அது தெரியலையா?"

"என்னைப் பாத்தானா?"

"பாத்தார். சிரிச்சார்கூட. அவன் நிக்கிற நிலையைப் பாரு, கோழி திருட வந்தவன் மாதிரின்னார்."

ஹார்மின் தோள்கள் குலுங்கின. சிரிப்பாகத்தான் ஆரம்பித்தது. "திருட்டுப் பய," என்றார், "பாத்துக்கிட்டேதான் உக்காந்திருந்தானா, திருட்டுப் பய." பொத்தான் மாட்டாத கோட்டின் முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ரூலீன் அவருக்குக் காபி ஊற்றினாள். இரண்டாவது கோப்பையும் குடித்தார்.

"நாளைக்குத் தூக்குவீங்கல்ல?" என்று கேட்டாள்.

"இடது பக்கம், முன்னால. வேற எவன் தூக்குவான்?" எழுந்து வாசல்வரை போனவர் நின்றார். "ஏணியைப் பத்தி என்ன சொன்னான்?"

"எடுத்துட்டுப் போகச் சொன்னார்."

ஹார்ம் பட்டறைச் சுவரிலிருந்து ஏணியை இறக்கித் தோளில் வைத்துக்கொண்டு, வேலியோரமாக மெதுவாக நடந்துபோனார். ரூலீன் சமையலறை ஜன்னலில் நின்று அவர் போவதைப் பார்த்தாள். பிறகு கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு முன்னறைக்குப் போனாள். மென்னோவின் பக்கத்தில் இருந்த நாற்காலியைக் கொஞ்சம் நெருக்கிப் போட்டு உட்கார்ந்தாள். மிர்த்தே ரொட்டிக் கடையிலிருந்து திரும்பி வந்து இரண்டு தடவை கூப்பிட்டபோதும், அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த அவள் எழுந்திருக்கவில்லை.