இரண்டாவது கியர்

மருந்துக்கடைக்காரி காருக்கு அடியில் போய்ப் படுத்தபோது காலை மணி ஒன்பது. லைசென்ஸ் பரிசோதனை பிற்பகல் மூன்று மணிக்கு. அதற்குள் கியர்பாக்ஸ் எண்ணெயையும், பின் அச்சின் நடுவே உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியலின் எண்ணெயையும் மாற்றிவிடுவது என்று முடிவுகட்டியிருந்தாள். இதற்கு முன் அவள் எண்ணெய் மாற்றியது அடுப்படியில் மட்டும்தான்.

பரிசோதனையில் அவள் ஏற்கெனவே இரண்டு முறை மண்ணைக் கவ்வியிருந்தாள். இரண்டு முறையும் ஒரே இடத்தில். ஒன்றாவது கியர் சமர்த்தாக விழும். இரண்டாவதுக்கு இழுத்தால் கறமுற என்று ஒரு சத்தம், தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்த அதிகாரி இரண்டு தாளிலும் ஒரே வரியைத்தான் எழுதினார்: கியர் மாற்றத் தெரியவில்லை.

கணவர் பாட்டு வாத்தியார். அவர் தீர்ப்பும் அதுதான்.

"கியர்ல ஒண்ணுமில்ல. உன் கைதான் முரட்டுக் கை" என்பார். கார் ஓடும்போது பின்பக்கத்திலிருந்து எழும் ஊளைக்கும் அவளையே காரணம் சொல்வார். "கிளட்ச்சை மிதிச்சுக்கிட்டே ஓட்டினா வண்டி அழத்தான் செய்யும்."

நியாயத்தை நீங்களே சொல்லுங்கள். பதினெட்டு வருடமாக ஒரு மாத்திரை கூடாமல் குறையாமல் எண்ணிக் கொடுத்த கை அது. அதைப் போய் முரட்டுக் கை என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? ஆனால் திரும்பத் திரும்பச் சொன்னதில் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. எண்ணெய் மாற்றியும் கறமுற என்றால் கோளாறு கையில்தான், அதற்குப் பிறகு இந்தக் கார் சாவியைத் தொடுவதில்லை என்று மனசுக்குள் சபதம் எடுத்திருந்தாள். வெளியே யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் அழுகை வந்துவிடும்.

துணைக்கு வந்தவள் நாத்தனார், வாத்தியாரின் தங்கை. உதிரிபாகக் கடையில் வேலை. எண்ணெய் டப்பாக்கள், காரைத் தூக்கி நிறுத்த நான்கு ஸ்டாண்டுகள், ஒரு பெரிய தட்டு எல்லாவற்றையும் அவளே சுமந்து வந்திருந்தாள். எண்ணெய் சூடாக இருந்தால் சுலபமாக வடியும் என்று காலையிலேயே தெருவை நான்கு சுற்று சுற்றிவிட்டு வந்து காரை மட்டமாக நிறுத்தியாயிற்று. வாத்தியார் படிக்கட்டில் உட்கார்ந்து பேப்பருக்குப் பின்னால் இருந்தார்.

"அண்ணி, அவசரப்பட்டுக் கீழ் நட்டைத் திறந்துடாதீங்க" என்றாள் நாத்தனார். "முதல்ல கியர்பாக்ஸோட பக்கவாட்டுல இருக்கிற மேல் நட்டு. எண்ணெய் ஊத்துற வழி அதுதான். எல்லாத்தையும் வடிச்சுட்டு அது திறக்கலைன்னு வைங்க, வண்டி இங்கேயே குடித்தனம் பண்ண வேண்டியதுதான்."

மேல் நட்டு அசைவேனா என்றது. ஸ்பானரின் கைப்பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி, இரண்டு பேரும் காலை உதைத்துக்கொண்டு இழுத்தார்கள். டக்கென்று அது விட்டுக்கொடுத்தபோது மருந்துக்கடைக்காரி குழாயோடு உருண்டு நாத்தனாரின் மடியில் போய் விழுந்தாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

"பார்த்து, பார்த்து" என்றது பேப்பர்.

கீழ் நட்டைத் திறந்ததும் எண்ணெய் கறுப்பாகத் தட்டில் இறங்கியது. அப்போதுதான் மருந்துக்கடைக்காரியின் மூக்கு வேலை செய்தது. மூடிய பாட்டிலை முகர்ந்தே உள்ளே இருப்பது எந்த மருந்து என்று சொல்லும் மூக்கு அது.

"இங்க அழுகின முட்டை நாத்தம் அடிக்குது."

"அடிக்கக் கூடாதே" என்றாள் நாத்தனார். "கந்தகம் போட்டது பின்பக்க எண்ணெய்தான். முன்பக்கத்துல அந்த வாடையே வரக்கூடாது."

மருந்துக்கடைக்காரி வெளியே கையை நீட்டினாள். புது டப்பா இரண்டையும் திறந்தாள். முன்பக்கத்துக்கானதை முகர்ந்தாள், சும்மா எண்ணெய் வாடை. பின்பக்கத்துக்கானதை முகர்ந்தாள், முட்டை. விறுவிறுவென்று பின்பக்கம் தவழ்ந்துபோய் அங்கேயும் மேல் நட்டு, கீழ் நட்டு என்று வரிசையாகத் திறந்தாள். வடிந்த எண்ணெயை விரலில் தொட்டு மூக்கருகே கொண்டுபோனாள். முட்டையும் இல்லை, கந்தகமும் இல்லை.

"மாத்தி ஊத்தியிருக்காங்க!" என்று காருக்கு அடியிலிருந்து ஒரு கூச்சல் எழுந்தது. "இதுக்குப் போட வேண்டியதை அதுக்கு, அதுக்குப் போட வேண்டியதை இதுக்கு!"

"அப்போ சத்தம் வராம என்ன செய்யும்?" நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். "கியர்பாக்ஸ் உள்ள பித்தளை வளையம் இருக்கு அண்ணி. அதுதான் பல்லுங்க மோதாமப் பிடிச்சு நிறுத்தும். இந்த எண்ணெயில அது வழுக்கிக்கிட்டே இருந்திருக்கு. பின்னாடி தேவையான எண்ணெய் இல்லாம ஊளை. கடைசியா யாரு மாத்தினது?"

படிக்கட்டில் பேப்பர் இன்னும் சற்று உயர்ந்தது.

மருந்துக்கடைக்காரி வெளியே வந்தாள். கன்னத்தில் கறுப்பு, தலைமுடியில் துரு. "ஏங்க. ஆறு வருஷம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை, மெக்கானிக் எதுக்கு, நானே மாத்துறேன்னு பனியனோட இறங்குனீங்களே?"

வாத்தியார் திருதிருவென்று விழித்தார். "ரெண்டு டப்பாவும் ஒரே மாதிரி இருந்துச்சும்மா. எல்லாம் எண்ணெய்தானேன்னு..."

"எல்லாம் எண்ணெய்தானேன்னு! எங்க கடையில எல்லாம் மாத்திரைதானேன்னு நான் எடுத்துக் கொடுத்தா என்னைச் சும்மா விடுவாங்களா?"

"இருங்க அண்ணி" என்று நாத்தனார் குறுக்கே வந்தாள். "அண்ணா, இத்தனை வருஷம் நீ எப்படி ஓட்டினே? உனக்குக் கறமுறன்னு வரலையா?"

"நான் ரெண்டாவது போடுறதில்லையே."

"என்னது?"

"ஒண்ணுலேர்ந்து நேரா மூணு. அது என் பாணி."

வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிட்டது. மருந்துக்கடைக்காரிக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வயிற்றிலிருந்து குபுகுபுவென்று சிரிப்பு கிளம்பி, நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்து, தொடையில் அடித்து அடித்துச் சிரித்தாள். ஆறு வருடமாக அந்த மனிதர் இரண்டாவது கியரைக் கண்டு பயந்து சுற்றுவழியில் போயிருக்கிறார், பழி மட்டும் அவள் கைக்கு! நாத்தனார் சிரிப்பதைப் பார்த்து இவள் சிரிக்க, இவளைப் பார்த்து அவள் சிரிக்க, கடைசியில் வாத்தியாரும் அசடு வழியச் சேர்ந்துகொண்டார்.

தண்டனை உடனே கிடைத்தது. கீழ் நட்டுகளைத் துடைத்து, புது வாஷர் போட்டு இறுக்கியதும் வாத்தியார் காருக்கு அடியில் அனுப்பப்பட்டார். பக்கவாட்டு ஓட்டையில் புனலுக்கு இடமில்லை. அதனால் மருந்துக்கடையிலிருந்து கொண்டுவந்த அறுபது மில்லி சிரிஞ்சின் நுனியில் ஒரு ரப்பர் குழாய். மனைவி டப்பாவின் பெயரை உரக்கப் படிப்பாள், எண்ணெயை உறிஞ்சிக் கொடுப்பாள், அவர் உள்ளே தள்ளி எண்ணிக்கை சொல்வார். பழக்க தோஷம், எண்ணிக்கை பதினைந்தைத் தாண்டியதும் ராகம் சேர்ந்துவிட்டது. இருபத்தாறாவது சிரிஞ்சில் ஓட்டை நிறைந்து எண்ணெய் வழிந்து அவர் காதுக்குள் இறங்கியது. "நிறைஞ்சிடுச்சு!" என்று அவர் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. பின்பக்கத்துக்கு டப்பாவை மாற்றினார்கள். மனைவி பெயரை இரண்டு தடவை படித்துக் காட்டினாள்.

பன்னிரண்டரைக்கு கார் தரையில் இறங்கியது. மருந்துக்கடைக்காரி சாவியைத் திருப்பினாள். சிரிப்பெல்லாம் எங்கோ போய்விட்டது. இனி சாக்குச் சொல்ல எண்ணெய் இல்லை, இனி எல்லாம் கைதான். ஒன்றாவது போட்டாள், நகர்த்தினாள், கிளட்ச்சை மிதித்து, கண்ணை ஒரு நொடி இறுக்கி மூடி, இரண்டாவதுக்கு இழுத்தாள்.

ஒரு சத்தமும் இல்லை.

விழுந்ததா என்றே தெரியவில்லை. குனிந்து பார்த்தாள். விழுந்திருந்தது. மறுபடி ஒன்று, மறுபடி இரண்டு. "ஏய்!" என்று தன் கையைப் பார்த்தே கத்தினாள்.

பக்கத்து சீட்டில் வாத்தியார் காதைத் துடைப்பதை நிறுத்தினார். "கை நல்ல கைதான்மா" என்றார், மெதுவாக. "நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

"இதைக் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க, பின்சீட்டுல உங்க தங்கச்சிக்குக் கேக்கல."

சத்தமாகச் சொன்னார்.

மூன்று மணிக்கு அதே அதிகாரி, அதே தாள், அதே சாலை. கறமுற வரும் இடத்தில் அவர் முன்ஜாக்கிரதையாகக் கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டார். சத்தம் வரவில்லை. பிடியை விட்டார், அவளைப் பார்த்தார், கியரைப் பார்த்தார்.

"போன தடவையும் நீங்கதானேம்மா? என்ன பண்ணீங்க?"

"எண்ணெய் மாத்தினேன், சார்."

"வண்டிக்கா, கைக்கா?"

"கைக்கு ஒண்ணுமே இல்ல சார். கை முதல்லேர்ந்தே நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். சொல்லும்போதே சிரிப்பு வந்தது.

அவர் தாளில் என்னவோ எழுதி, பேனாவை மூடினார். "சரி, பாஸ். ஆபீஸுக்குத் திருப்புங்க. ரோடு காலியாத்தானே இருக்கு, மூணாவது போடுங்கம்மா."

"போடுறேன் சார்" என்றாள் மருந்துக்கடைக்காரி. "இதுலயே கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போடுறேன்."