எம்மெட் கோல்வின் எறிந்த கடைசிப் பந்து

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். டன்மோர் பேஸ்பால் அணியில் எல்லாருக்கும் அது தெரியும். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மேனேஜர் ப்ளெட்ஸோ சொன்னதைக் கேட்டபோது கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது.

"இன்னிக்கு எம்மெட்டுதான் பிட்சர். ஆட்டம் முடிஞ்சதும் மேலிடத்துக்கு ஃபோன் பண்ணணும். அணியில ஒருத்தனைக் கழிக்கச் சொல்றாங்க. யாருன்னு நான் சொல்ல வேண்டியதில்லை," என்றார்.

சொல்ல வேண்டியதில்லைதான். எம்மெட் கோல்வினுக்கு முப்பத்தேழு வயது. வரிசையாக ஐந்து ஆட்டங்களில் செம அடி வாங்கியிருந்தான். அவனைக் கழித்துவிட்டால் மச்சானோடு பன்றி வெட்டும் ஆலையில்தான் போய் நிற்க வேண்டும். ஒரு குளிர்காலம் முழுக்க அங்கே வேலை பார்த்துவிட்டு வந்தவன். அந்த ஆறு மாதத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுவான்.

நான் ஆர்லோ. ஆறு வருடமாக அவனுக்கு கேட்சர். அவன் எறிவதை மண்டியிட்டு உட்கார்ந்து பிடிப்பவன். என்ன எறிய வேண்டும் என்று கால்களுக்கு இடையில் விரலால் சைகை காட்டுவதும் நான்தான். ஒரு விரல் என்றால் வேகப்பந்து. நாலு விரலையும் ஆட்டினால் மெதுபந்து. எம்மெட்டிடம் இருந்தது இந்த இரண்டு மட்டும்தான்.

வேகப்பந்து என்கிறேன், அதில் வேகம் போய் நாலு வருடம் ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்துப் பையன்கள் இவனைவிட வேகமாக எறிவார்கள். ஆனால் இரண்டு பந்துக்கும் அவன் கை ஒரே மாதிரி சுழலும், தோள் ஒரே மாதிரி இறங்கும், முகம்கூட ஒரே மாதிரி சுளிக்கும். மெதுபந்தை உள்ளங்கையில் ஆழமாக அமுக்கிப் பிடித்திருப்பான், அவ்வளவுதான் வித்தியாசம். பேட்டர் அவசரப்பட்டு மட்டையை வீசி முடித்த பிறகு பந்து சாவகாசமாக வந்து சேரும். அடுத்த முறை பொறுத்து நிற்கலாம் என்று நினைத்தால் இவனுடைய அந்தக் கிழட்டு வேகப்பந்தே சீறிக்கொண்டு வருவதுபோலத் தெரியும்.

ஆட்டத்துக்கு முன்பு எதிரணி பயிற்சி எடுக்கும்போது மற்ற பிட்சர்கள் நிழலில் படுத்துக் கிடப்பார்கள். இவன் வேலியோரமாக நின்று அவர்களுடைய கால்களைப் பார்ப்பான். மட்டையைப் பார்க்கவே மாட்டான்.

"மட்டை பொய் சொல்லும். முன்னங்கால் சொல்லாது. எங்க அடிக்க ஆசையோ அங்கதான் அது போய் நிக்கும்," என்பான்.

அப்பேர்ப்பட்டவன் ஐந்து ஆட்டமாக உதை வாங்குகிறான் என்றால் என்ன சொல்வது? வயசாகிவிட்டது என்றார்கள். நானும் மனசுக்குள் அதைத்தான் சொல்லிக்கொண்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அன்று எங்களை எதிர்த்து ஆடியது ஹார்லண்ட் அணி. ஜூலை வெயில் மண்டையைப் பிளந்தது. சோளக்காட்டுப் பக்கமிருந்து ஒரு பொட்டுக் காற்று இல்லை. முதல் ஐந்து இன்னிங்ஸில் எம்மெட் மூன்று ஓட்டம்தான் கொடுத்தான், நாங்கள் நாலு எடுத்திருந்தோம். ஆனால் பார்க்கிறவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஹார்லண்ட்காரர்கள் ஒவ்வொரு பந்தையும் எதிர்பார்த்து நின்றதுபோல அடித்தார்கள். ஏதோ எம்மெட் பந்தை ஓரத்திலேயே, முழங்காலுக்குக் கீழேயே போட்டுக்கொண்டிருந்ததால் அடித்தது நேரே எங்கள் ஆட்களின் கைக்குப் போயிற்று.

எட்டாவது இன்னிங்ஸில்தான் எனக்கு உறைத்தது. பேட்டர் ஓடித் தொட வேண்டிய முதல் முனையான முதல் பேஸ் ஓரம் நிற்கும் ஹார்லண்ட் பயிற்சியாளர் டோபின், தொப்பை பெருத்த ஆள், வாய் ஓயாது. பயிற்சியாளர்கள் எல்லாருமே அங்கே நின்று பேட்டரைக் கூவி உற்சாகப்படுத்துவார்கள், அதை யாரும் காதில் வாங்குவதில்லை. ஆனால் ரேமண்ட் ஹாஸ்கெட் ஆட வந்தபோது டோபின் ஒரு தடவை "பாத்து ஆடு ஹாஸ்கெட்" என்றான். வேகப்பந்து வந்தது. அடுத்து "நல்லாப் பாரு ரே" என்றான். மெதுபந்து. ஹாஸ்கெட் பொறுத்து நின்று அதை வேலிவரை அடித்தான். எங்கள் ஆள் வேலியில் முதுகை இடித்துக்கொண்டு பிடித்திருக்காவிட்டால் கதை அங்கேயே முடிந்திருக்கும். குடும்பப்பெயர் என்றால் வேகம், செல்லப்பெயர் என்றால் மெது. குட்டு உடைந்துவிட்டது.

மைதானத்தின் நடுவிலிருந்த எறிமேட்டுக்கு ஓடினேன்.

"எம்மெட்டு, அந்தத் தொப்பைக்காரன் உன் பந்தை முன்கூட்டியே சொல்லிடறான். மெதுபந்து பிடிக்கும்போது உன் கையுறை விரியுது. அதைப் பாத்துத்தான் சொல்றான். அமுக்கிப் பிடி."

அவன் புகையிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினான். "சரி."

"என்னடா சரி? தலைபோற விஷயம் சொல்றேன்."

"கேட்டுக்கிட்டேன்யா. நீ போய் உக்காரு. வழக்கம்போல சைகை காட்டு. எதையும் மாத்தாத."

"மாத்தாதன்னா? மறுபடி அடிப்பானுங்க."

"அடிக்கட்டும்," என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐந்து ஆட்டமாக அடி வாங்கியதில் இவனுக்கு மூளை கலங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

ஒன்பதாவது இன்னிங்ஸ், அதுதான் கடைசி. நாங்கள் இன்னும் நாலுக்கு மூன்று. இரண்டு பேர் அவுட், இன்னும் ஒருவன் போனால் ஜெயம். இரண்டாவது பேஸில் ஒருவன், மூன்றாவதில் ஒருவன். ஒரு அடி போதும், எங்கள் கதை முடிந்துவிடும். மறுபடியும் ஹாஸ்கெட் மட்டையோடு வந்தான். அவனுக்கு அடுத்து வரவேண்டியவன் அவனைவிட மோசமானவன் என்பதால் வேண்டுமென்றே பந்தை எட்டாமல் போட்டு இவனைச் சும்மா முதல் பேஸுக்கு நடக்கவிடவும் வழியில்லை.

ப்ளெட்ஸோ எறிமேட்டுக்கு நடந்து வந்து கையை நீட்டினார். மேனேஜர் கையை நீட்டினால் பிட்சர் பந்தைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும், அதுதான் முறை. எம்மெட் பந்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான்.

"குடு எம்மெட்டு. நல்லாத்தான் ஆடுன. போதும்."

"தர மாட்டேன்."

"எல்லாரும் பாக்கறாங்கய்யா. மானத்த வாங்காத."

"இவனை நான் முடிக்கறேன். முடிக்கலைன்னா நீங்க ஃபோன்ல பேச வேண்டிய வேலையே இல்ல, நானே பெட்டியக் கட்டிக்கறேன். ஆனா இவன் எனக்கு வேணும்."

குரல் உயரவில்லை. ப்ளெட்ஸோ என்னைப் பார்த்தார். நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது. "விடுங்க," என்றேன். அவர் காறித் துப்பிவிட்டுப் போனார்.

எம்மெட் என் மார்க்கவசத்தைப் பிடித்து இழுத்தான். "ஆர்லோ, எது வந்தாலும் பிடி."

"எது வரும்னு நான்தானே சொல்லப் போறேன்?"

"நீ சொல்லு. ஆனா எது வந்தாலும் பிடி. தவறவிட்டன்னா மூணுல நிக்கறவன் ஓடி வந்துடுவான்."

"புரியற மாதிரி பேசித் தொலையேன்."

"புரிஞ்சா காரியம் கெட்டுடும். உன் மொகரைக்கு எதையும் ஒளிக்கத் தெரியாது. போ."

போய் உட்கார்ந்தேன். ஒரு விரல் காட்டினேன். "ஹாஸ்கெட், தைரியமா ஆடு," என்றான் டோபின். வேகப்பந்து வெளி ஓரத்தில் போயிற்று, ஹாஸ்கெட் அதைக் கோட்டுக்கு வெளியே அடித்தான். ஒரு ஸ்ட்ரைக், மூன்று சேர்ந்தால் அவுட். நாலு விரல் ஆட்டினேன். "ரே, பொறுமை." மெதுபந்து மண்ணை உரசிக்கொண்டு வந்தது, அவன் தொடவில்லை. மறுபடி வேகம், மறுபடி வெளியே அடித்தான். இரண்டு ஸ்ட்ரைக். மறுபடி மெது, மறுபடி விட்டுவிட்டான். நாலு பந்தும் டோபின் சொன்னபடியே வந்தன. ஹாஸ்கெட் முகத்தில் அப்படியொரு நிம்மதி. முன்னங்காலைக்கூட ஓர் அங்குலம் வெளிப்பக்கம் நகர்த்திக்கொண்டான்.

எனக்கு எம்மெட் மேல் கொலைவெறி வந்தது. கையுறையை மூடு என்று படித்துப் படித்துச் சொன்னேனே. சரி, வருவது வரட்டும் என்று நாலு விரலை ஆட்டினேன்.

"ரே, அவசரப்படாத," என்றான் டோபின். எம்மெட் அதுவரை பந்தைக் கையுறைக்குள் கொண்டுபோகவே இல்லை. அதைப் பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

கை சுழன்றது, தோள் இறங்கியது, முகம் சுளித்தது. வெளி ஓரத்தில் தாழ்வாகக் கையை வைத்துக் காத்திருந்தேன். வந்தது மெதுபந்து இல்லை. உள்பக்கம், முழங்கால் உயரத்தில், அவன் உடம்பில் மிச்சமிருந்த அத்தனை பலத்தோடும் வந்த வேகப்பந்து. ஹாஸ்கெட் மட்டையைத் தோளிலிருந்து எடுக்கவில்லை. நான் கையைச் சட்டென்று உள்பக்கம் இழுத்தேன். பந்து கட்டைவிரல் அடியில் மோதியது. எலும்பு விரிசல் விட்டதுபோல இருந்தது, ஆனாலும் பிடியை விடவில்லை. அம்பயரின் வலது கை உயர்ந்தது. அடிக்கக்கூடிய பந்தை விட்டாலும் ஸ்ட்ரைக்தான், இது மூன்றாவது. ஆட்டம் முடிந்தது. டோபின் முகத்தில் ஈயாடவில்லை.

உடை மாற்றும் அறையில் எம்மெட்டின் சட்டையைப் பிடித்துவிட்டேன். "விரல் போயிருக்கும்டா. நான் காட்டினதை ஏன் எறியல?"

"நீ காட்டினதத்தான் அவனும் பாத்தான்."

"யாரு?"

"டோபின். என் கையுறை இல்ல ஆர்லோ. உன் முழங்கை. ஒரு விரல் காட்டும்போது ஒட்டிக்கிட்டு இருக்கு. நாலு விரல் ஆட்டினா வெளிய வந்து இறக்கை அடிக்குது. முதல் பேஸ்ல நிக்கறவனுக்கு நல்லாத் தெரியும். நேத்து நான் ஆடலையே, அந்தப் பக்கம் ஜனங்களோட உக்காந்து எந்தப் பந்து எங்க போச்சுன்னு குறிச்சுக்கிட்டு இருந்தேன். அப்பதான் பாத்தேன்."

"நேத்தே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ திருத்திக்குவ. அவனுங்க வேற எதையாவது கண்டுபிடிப்பானுங்க. அவனுங்க நம்பற பொய்ய நான் ஏன் கெடுக்கணும்? ஒரே ஒரு பந்துக்காக வச்சிருந்தேன்."

என் கை தானாகச் சட்டையை விட்டது. ஐந்து ஆட்டம். அவனுக்கு வயசாகிவிட்டது என்று நான் மனசுக்குள் தீர்ப்பெழுதிய அந்த ஐந்து ஆட்டமும் என் முழங்கை ஆடியது. பிற அணிக்காரர்களுக்கும் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். பாவி, ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை.

ப்ளெட்ஸோ உள்ளே வந்தார். "ஹாஸ்கெட் ஏன் மரம் மாதிரி நின்னான்? என்னய்யா பண்ண?"

"என் கையுறை விரிஞ்சு பந்தக் காட்டிக் குடுத்துக்கிட்டு இருந்துச்சு. அதை வச்சே ஏமாத்திட்டேன்," என்றான் எம்மெட், என்னைப் பார்க்காமல்.

"அஞ்சு ஆட்டமாவா?"

"ஆமா."

ப்ளெட்ஸோவின் முகம் மாறியது. "பதினெட்டு வருஷம் எறிஞ்சவன், கையுறைய ஊருக்கே திறந்து காட்டியிருக்க. அஞ்சு ஆட்டம் தோத்தோம். ஒண்ண ஜெயிச்சுட்ட, சரி. உன்ன வச்சுக்கன்னு நான் எந்த மொகத்தோட சொல்றது?" சுவரில் தொங்கிய ஃபோனை எடுத்தார்.

எழுந்து நின்றேன். எனக்கும் வீடு இருக்கிறது, இரண்டு பெண் குழந்தைகள் இருக்கிறார்கள்.

"உக்காருடா," என்றான் எம்மெட் தாழ்ந்த குரலில்.

"கையுறை இல்லங்க," என்றேன். "என் முழங்கை. சைகை காட்டும்போது ஆடுது. அஞ்சு ஆட்டமும் என்னாலதான் போச்சு. இவன் நேத்துதான் கண்டுபிடிச்சான். அதை வச்சுத்தான் இன்னிக்கு ஜெயிச்சோம். ஃபோன்ல இதைச் சொல்லுங்க."

ப்ளெட்ஸோ எண்ணைச் சுழற்றினார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டிப் பேசினார். "எம்மெட் கோல்வின் இருக்கட்டும். எறியறது கைய வச்சு இல்ல, மண்டைய வச்சு. ஆமா." கொஞ்சம் நிறுத்தினார். "கேட்சர் ஒருத்தன அனுப்புங்க. இருக்கறவன் அடிக்கறதும் இல்ல, மறைக்கவும் தெரியல."

ப்ளெட்ஸோ போனபின் எம்மெட் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அறிவிருக்காடா உனக்கு?"

"இருந்திருந்தா முழங்கைய ஆட்டியிருப்பேனா?"

அவன் சிரிக்கவில்லை. ஐஸ் வாளியை இழுத்து, வீங்கிப்போன என் கட்டைவிரலை அதற்குள் அமுக்கினான். வலிக்கிறது என்று கையை உருவப் பார்த்தேன். மரத்துப்போகும்வரை அவன் விடவில்லை.